டிவி ஸ்டாண்டு

கரூரிலிருந்து ஒரு பெட்டியோடு நான் திரும்பி வந்த அன்று அப்பா முன்வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, பிள்ளை இல்லை என்று சொல்லி என் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டிருந்தார். அது அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வந்துட்டியா?"

தலையாட்டினேன்.

"சரி. பின்வாசல் வழியா வா."

முன்வாசலில் அவரைத் தவிர யாரும் இல்லை. நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு, சாக்கடை ஓரமாக நடந்து பின்வாசலுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். என் பெட்டியை வாங்கி விறகு அடுக்கியிருந்த மூலையில் வைத்தாள். "சாப்டியா?" என்றுகூடக் கேட்கவில்லை. "கையக் கழுவிட்டு வெங்காயத்த உரி" என்றாள்.

அப்பா திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருந்தார். சுற்றுவட்டாரச் சம்சாரிகள் மல்லிகையும் கனகாம்பரமும் கொண்டுவந்து அவர் தராசில்தான் போடுவார்கள். மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவர் வேடிக்கையாகப் பேசுகிற ஆள். யாரையாவது ஒருத்தரைப் பிடித்து வைத்துக் கேலி பண்ணி, சுற்றி நிற்கிறவர்களைச் சிரிக்க வைப்பார். சிரிக்கிறவர்களுக்கு அவரைப் பிடிக்கும். நான் வந்த பிறகு வீட்டில் அவருக்கு அந்த ஒருத்தராக நான் தினமும் கையெட்டும் தூரத்தில் கிடைத்தேன்.

மீந்த பூவை வீட்டுக்கு அனுப்புவார். நான் கட்டிச் சரமாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். தண்ணீர் தெளித்த சாக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் வேலை இருக்கும். நான் கட்டின பூவைத் தம்பி கல்யாணத்தில் மேடை முழுக்கத் தொங்கவிட்டார்கள். என்னை மேடைப் பக்கம் வர வேண்டாம் என்று அம்மாதான் வந்து சொன்னாள். பந்தியில் இலை போடுகிற இடத்தில் நின்றுகொண்டேன்.

தம்பி பெண்டாட்டி ஒட்டன்சத்திரத்துப் பெண். நல்ல நிறம், நல்ல வசதி. அவளை அப்பா 'தாயி' என்று கூப்பிடுவார். என்னை 'ஏய்' என்பார்.

அவர்களுக்குக் கல்யாணமான வருஷம்தான் அந்த வேன் வந்தது. வெளிநாட்டுக்காரப் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் அதை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். கொடைரோடு பக்கம் வந்தபோது இன்ஜின் போய்விட்டது. ஒரு பட்டறையில் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்களாம். பட்டறைக்காரரிடமிருந்து அப்பா அதை வாங்கி, வேறு டீசல் இன்ஜின் போட்டு, பேப்பரையெல்லாம் சரிசெய்து வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தெருவே கூடிவிட்டது. உள்ளே கட்டில், அலமாரி, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம். முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமென்றால், வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் எட்டிப் பார்த்து எதிரே வண்டி வருகிறதா என்று சொல்ல வேண்டும்.

"வீடே ஊர்கோலம் போகுது பாத்தியா" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நாளில் அவருக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. டிவி இல்லை.

சின்ன கலர் டிவி ஒன்றும் கேசட் போடுகிற டெக் ஒன்றும் வாங்கிவந்தார். பேட்டரியில் ஓடுவதற்கு வேண்டியதைச் செய்ய எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். டீக்கடைகளில் டிவி வைக்கிற மாதிரி இரும்பு ஸ்டாண்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில், பக்கச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. படுத்தபடி பார்க்க அதுதான் தோது.

எலக்ட்ரீசியன் விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். காலி அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் அதே சத்தம்.

"இது சும்மா மறைப்புப் பலகை முதலாளி. அட்டை கனந்தான் இருக்கு. பின்னாடி தெர்மோகோல், அதுக்குப் பின்னாடி வெளித் தகடு. தகட்டையும் சேத்து ஓட்டை போட்டு, வெளிய ஒரு இரும்புப் பட்டை வச்சு போல்ட்டு முடுக்கினா நிக்கும்."

"வெளிய ஓட்டையா?" அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "சீமையில செஞ்ச பாடில ஓட்டை போட்டுப் பட்டைய ஒட்டச் சொல்றியா? ரோட்டுல பாக்கறவன் என்ன சொல்லுவான்?"

"அப்ப தரையிலேருந்து ஒரு குழாய நிறுத்தி முட்டுக் குடுத்துருவோம்."

"குழாய நட்டா நான் காலை எங்க நீட்டுறது? உன் தலையிலயா?"

எலக்ட்ரீசியன் பலகையிலேயே நாலு திருகாணியை மரக்கட்டை வைத்து முடுக்கினார். ஸ்டாண்டில் டிவியை வைத்து பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார். பிடித்து லேசாக ஆட்டிக் காட்டி, "இனி யானை வந்து இழுத்தாலும் நிக்கும் முதலாளி" என்றார். அப்பாவுக்குச் சந்தோஷம். வேலை முடிந்த பிறகு, கூட்டிப் பெருக்கும்போது அந்தத் திருகாணிகளைச் சுற்றிப் பலகை பிதுங்கியிருப்பதை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் வாய்முகூர்த்தம் என்பார்கள்.

முதல் பயணம் திருச்செந்தூருக்கு. தம்பி ஓட்டினான். அம்மா முன்னால் உட்கார்ந்து லாரி வருகிறதா என்று பார்த்துச் சொன்னாள். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். எதிர்ப்பக்கப் பெஞ்சில் தம்பி பெண்டாட்டி. நான் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து எல்லோருக்கும் இட்லி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சின்னாளபட்டி தாண்டும்போது ஒரு வேகத்தடை. தம்பி அதைப் பார்க்கவில்லை. வண்டி குதித்து இறங்கியது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு திருகாணி தெறித்து இட்லித் தூக்கில் விழுந்தது. ஸ்டாண்டு சுவரைவிட்டு முன்னால் சாய்ந்தது.

பக்கத்தில் இருந்தவள் நான். கை தானாகப் போய்த் தாங்கிக்கொண்டது. படம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படியே புடிச்சுக்க" என்றார் அப்பா. "இந்த சீன் முடியட்டும்."

அந்த சீன் முடிந்தது. அடுத்த சீன் வந்தது. மதுரை வந்தது. மதுரையில் எந்தப் பட்டறையிலும் நிறுத்தவில்லை. அடுத்த கேசட்டைத் தம்பி பெண்டாட்டி எழுந்து போட்டாள். நான் ஸ்டாண்டுக்கும் அலமாரிக்கும் இடையில் நின்றுகொண்டு, ஒரு கையை அடியிலும் ஒரு கையைப் பக்கத்திலும் கொடுத்துப் பிடித்திருந்தேன். முதலில் தோள் வலித்தது. பிறகு வலி முதுகுக்கு இறங்கி, அப்புறம் கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"மதினி, கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சுக்கறீங்களா? உங்க தலை மறைக்குதுங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி. மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள்.

சாய்ந்துகொண்டேன்.

திரும்பி வந்த பிறகு அப்பா எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிட்டார்தான். பழைய ஓட்டைகளுக்குப் பக்கத்தில் அவர் புதிதாக நாலு ஓட்டை போட்டு முடுக்கிவிட்டுப் போனார். அது அடுத்த பயணத்தில் செம்பட்டி வரைக்கும் தாங்கியது. அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. வண்டி கிளம்புவதற்கு முன் அப்பா, "ஏய், உன் இடத்துக்குப் போ" என்பார். என் இடம் எது என்று எனக்குத் தெரியும்.

பழனி, ராமேஸ்வரம், சமயபுரம், குற்றாலம் என்று மாதம் ஒரு தடவையாவது கிளம்பினோம். எத்தனையோ படம் ஓடின. ஒன்றையும் நான் பார்த்ததில்லை. எனக்கு டிவியின் முதுகுதான். படத்தைப் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் நான் பார்த்தேன். நீலமும் சிவப்புமாக வெளிச்சம் அவர்கள் மேல் மாறிமாறி விழும். சிரிப்புக் காட்சி வந்தால் அப்பாவின் வயிறு குலுங்கும். ஒரு தடவை, வாழப்போன இடத்தில் கொடுமைக்கு ஆளாகித் துரத்தப்பட்ட ஒரு பெண் அப்பன் வீட்டுக்கு வந்து கதறுகிற காட்சி. வசனத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அப்பா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். தேம்பினார். "பெத்த வயிறு எப்படி எரியும்" என்று அம்மாவிடம் சொன்னார். அந்தத் துண்டுக்கு நேர் எதிரே, நாலடி தூரத்தில், நான் அவருடைய டிவியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆட்டாதடி" என்றார்.

கோயமுத்தூரிலிருந்து பூ வாங்குகிற வியாபாரிகள் ரெண்டு பேரை ஒரு முறை பழனிக்குக் கூட்டிப்போனார். ஏறின செத்த நேரத்திலேயே அதில் ஒருவர் கூச்சப்பட்டார். பொம்பளையை நிற்க வைத்துவிட்டு ஆம்பளைகள் உட்கார்ந்து படம் பார்ப்பதா என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, இந்தம்மா யாருங்க? உக்காரச் சொல்லுங்களேன்" என்றார்.

அப்பா மார்க்கெட்டில் ஆளைப் பிடித்துவைக்கும்போது வரும் சிரிப்போடு, "அதுங்களா? அதுதான் டிவி ஸ்டாண்டு. வண்டியோட வந்தது" என்றார்.

மற்றவர் சத்தம் போட்டுச் சிரித்தார். கூச்சப்பட்டவரும் கடைசியில் சிரித்துவிட்டார். தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்குக்கூட ஒரு கணம் வாய் கோணியது. எல்லோரும் சிரிக்கிற இடத்தில் உம்மென்று நிற்பது இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும்.

பேர் நிலைத்துவிட்டது. தம்பிக்குப் பெண் பிறந்து பேச ஆரம்பித்தபோது, 'அத்தை' என்று சொல்ல வருவதற்கு முன்னாலேயே 'தாண்டு' என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார் அப்பா. அந்தக் குழந்தை என்னைப் பார்த்து 'தாண்டு, தாண்டு' என்று கையை நீட்டும். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் அதைத் தூக்கிக்கொள்வேன். அதற்கு என்ன தெரியும்.

கொடைக்கானல் போனது ஒரு கோடைக்காலத்தில். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறும்போது டிவியை நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னாள். "முக்கால்வாசி படம் ஓடிருச்சு, இப்ப என்ன நிறுத்துறது" என்றார் அப்பா. ஒவ்வொரு வளைவிலும் டிவி என் மேல் சரியும், அடுத்த வளைவில் என்னை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. தம்பி பிரேக்கை அழுத்தினான். ஸ்டாண்டு முழுசாகப் பெயர்ந்து கீழே இறங்கியது. நான் விடவில்லை. விட்டிருக்கலாம். என் வலது கை இரும்புக்கும் அலமாரி விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அப்பா கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவந்தார். டிவியை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைத்தார். கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

"பிக்சர் டியூபுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றார் தம்பியிடம்.

மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கியிருந்தன. தம்பி பெண்டாட்டி குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அம்மா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "கவனமா புடிச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா" என்றாள். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தை நான் பல வருஷம் எனக்குச் சாதகமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

வண்டியைத் திருப்பவில்லை. "பாதி மலை ஏறியாச்சு. மேலயே டாக்டர் இருப்பாரு" என்றார் அப்பா. மேலே ஒரு ஆஸ்பத்திரியில் மோதிர விரலை நடுக்கணுவோடு எடுத்தார்கள். சுண்டு விரல் இருக்கிறது, மடங்காது. நான் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இருந்த நேரத்தில் அவர்கள் ஏரியில் படகு சவாரி போய்விட்டு வந்தார்கள். தம்பி பெண்டாட்டி எனக்கு ஒரு பொட்டலம் பேரிக்காய் வாங்கிவந்தாள்.

மறுநாள் இறங்கும்போது வத்தலகுண்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் இறங்கிப் போய், நின்றுகொண்டிருந்த திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. வேனில் ஏறக் கூடாது, அவ்வளவுதான் மனசில் இருந்தது. பஸ் ஊருக்கு வந்த பிறகு, போக வேறு இடம் இல்லாமல் வீட்டுக்கே போனேன். பூட்டியிருந்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். அப்பா என்னைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம், "பாத்தியாலே, நமக்கு முன்னாடி ஸ்டாண்டு வந்து இறங்கிருச்சு" என்றார்.

ரெண்டு விரல் உதவாத கையால் பூக் கட்ட முடியாது. நார் நழுவும். மார்க்கெட் வாசலில் ஒருத்தர் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். பகலில் உட்கார ஒரு பொம்பளை வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். வீட்டில் சும்மா கிடப்பதற்கு அங்கே கிடக்கட்டும் என்று அப்பா அனுப்பிவைத்தார். எண்ணைச் சுழற்ற இடது கை பழகிக்கொண்டது.

அடுத்த பயணம் ஒட்டன்சத்திரத்துக்கு, தம்பி பெண்டாட்டியின் அப்பா வீட்டு விசேஷத்துக்கு. என்னையும் ஏறச் சொன்னார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள. டிவியைப் புதிய இடத்தில் முடுக்கியிருந்தார்கள். திண்டுக்கல்லை விட்டு வெளியே வருவதற்குள் அது ஆட ஆரம்பித்துவிட்டது. அப்பா பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அம்மாவுக்கு மூட்டுவலி. படத்தில் அப்போது கல்யாணம் நிற்கப்போகிற கட்டம்.

"தாயி, செத்த நேரம் நீ புடிச்சுக்கம்மா" என்றார் அப்பா.

அவள் தன்னைத்தான் சொல்கிறாரா என்று ஒரு முறை பார்த்தாள். எழுந்தாள். பட்டுச்சேலைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு வந்து பிடித்தாள். நான் குழந்தையோடு அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த வண்டியில் முதல் முதலாக எனக்குப் படம் தெரிந்தது.

"கொஞ்சம் சாஞ்சுக்கறியா?" என்றேன். "தலை மறைக்குது."

அவள் என்னைப் பார்த்த பார்வை! எனக்கு அது இனித்தது. நான் பொய் சொல்ல மாட்டேன்.

ரெட்டியார்சத்திரம் வரைக்கும்தான் பிடித்தாள். இடைப்பட்ட தூரம் அரை மணிகூட இருக்காது. அங்கே, "வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினாள். தம்பி பயந்து நிறுத்தினான். அவள் டிவியை அப்படியே விட்டாள். அது தரையில் விழுந்து வெடித்தது. பிள்ளை அலறியது. அவள் கதவைத் திறந்து இறங்கி ரோட்டோரத்தில் நின்றாள்.

"எங்கப்பன் வீட்டு வாசல்ல இந்த டிவியச் சுமந்துக்கிட்டு வந்து இறங்கவாங்க என்னையக் கட்டிக் குடுத்தாங்க? நான் என்ன உங்க மகளா?"

தம்பி இறங்கி ஓடினான். அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தேய்த்துவிட்டான். சிவந்திருந்தது. அதைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி அப்பாவிடம் வந்தான். தம்பி அப்பாவை எதிர்த்துப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மனுசனாப்பா நீ? எம் பொண்டாட்டிய இப்படியா பண்ணுவ? அவ கையப் பாத்தியா?"

என் கை என் மடியில்தான் இருந்தது. அவன் அதைத் தாண்டித்தான் அப்பாவைப் பார்த்தான்.

பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, பெண்டாட்டியோடு பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போனான். அப்பாவும் அம்மாவும் நானும் ஓட்ட ஆளில்லாத வண்டியில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அப்பா, "இம்புட்டுக்கா? இம்புட்டுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

தம்பி தனிக்குடித்தனம் போனான். பாகம் கேட்டு மண்டியை வாங்கிக்கொண்டான். பேத்தியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று அம்மாவும் அவனோடு போனாள். வேனைக் கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வாங்கிப்போனார். அப்பாவை மார்க்கெட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. மண்டி இல்லாதவர் சொல்கிற வேடிக்கைக்கு யார் சிரிப்பார்கள்? காலையில் நான் உட்காருகிற பூத்துக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். டீ வேண்டும் என்பார். நான் காதில் விழாத மாதிரி இருப்பேன். இன்னொரு முறை கேட்பார். அப்போது வாங்கித் தருவேன். ஒருநாள்கூட அவர் முதல் தடவை கேட்டு நான் தந்ததில்லை.

நாலைந்து வருஷம் அப்படிப் போனது. சர்க்கரை வியாதியில் காலில் புண் வந்து, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனார். கடைசி நாட்களில் தம்பியைக் கேட்டார், பேத்தியைக் கேட்டார், தாயியைக்கூடக் கேட்டார். பீ மூத்திரம் அள்ளினது நான். என்னைக் கேட்க வேண்டிய தேவை இல்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன்.

தம்பி வந்து கொள்ளி வைத்தான். காரியம் முடிந்த மறுநாள் தம்பி பெண்டாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நாங்க இங்க வந்துரலாம்னு இருக்கோமுங்க. உங்களுக்குப் பூத்துக்குப் பின்னாடி ஒரு ரூம்பு இருக்குதில்லீங்க? அதுவே உங்களுக்குத் தோதா இருக்கும். இங்கேருந்து தினம் நடக்க வேண்டியதில்லை பாருங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ சொல்றதும் சரிதானத்தா" என்றாள்.

நான் சண்டை போடவில்லை. எனக்கு அந்த வீட்டில் வேண்டியது ஒன்றும் இல்லை. பாயும் தலையணையும் ரெண்டு பாத்திரமும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே பூத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். ஒரு ஜன்னல். வெளியே மார்க்கெட் குப்பை, அழுகின பூ வாசனை. பாயை விரித்துப் படுத்தவள் மறுநாள் நன்றாக வெயில் ஏறும் வரைக்கும் தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.

கதவைத் தட்டின சத்தத்தில்தான் விழித்தேன். சம்பங்கி விற்கிற பொம்பளை.

"அக்கா, கோயமுத்தூருக்கு ஒரு போன் போடணும். மக மாசமா இருக்கா."

"செத்த இரு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.